கறுப்புக்கு மேலே வெள்ளி

மழை சொல்லிவிட்டு வரவில்லை. புதுக்கோட்டை கீழராஜ வீதியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே சடசடவென்று இறங்கிவிட்டது. தெருவில் நின்றவர்கள் கைக்கெட்டிய கடைக்குள் ஓடினார்கள்.

ஆண்டியப்பன் பாத்திரக் கடைக்குள் ஒரு முதுகு வந்தது.

ஆமாம்... முதுகுதான். நெஞ்சோடு ஒரு நீளமான அட்டைப் பெட்டியை அணைத்துக்கொண்டு, அது நனையக் கூடாதென்று குனிந்து, பின்பக்கமாகவே படியேறி வந்த ஓர் உயரமான முதுகு. கல்லாவில் இருந்த பிரகதீஸ்வரி "ஏங்க... ஏங்க..." என்று எழுவதற்குள் அது எவர்சில்வர் சம்படங்களின் அடுக்கில் மோதிவிட்டது.

டமார்!

சம்படங்கள் நாலா பக்கமும் சிதறின. ஒரு மூடி மட்டும் தனியாக உருண்டு, படியிறங்கி, தெருத் தண்ணீரில் ஒரு வட்டம் அடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"யாராச்சும் முதுகைக் காட்டிக்கிட்டுக் கடைக்குள்ள வருவாங்களா?"

"மழைங்க..."

"மழை எல்லாருக்கும்தான் பெய்யுது. எல்லாரும் நேராத்தானே வாராங்க?"

அவன் பெட்டியைப் பூவை வைப்பதுபோல ஒரு ஸ்டூலில் வைத்தான். பிறகு கொட்டுகிற மழைக்குள் ஓடி அந்த மூடியை எடுத்து வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, சட்டைக் கையால் துடைத்து அவளிடம் நீட்டினான். நீட்டிய மூடியின் வளைவுக்கு மேலே அவளுடைய இரண்டு கண்கள் தெரிந்தன. பெரிய கண்கள். கோபம் இருந்தது... ஆனால் அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு சிரிப்பு, எப்போது வெளியே வரலாம் என்று காத்துக்கொண்டிருந்தது.

'இவ்வளவு பக்கத்தில் யாரும் இப்படி என்னை முறைத்ததில்லை' என்று நினைத்துக்கொண்டான் எழிலரசன்.

"பெட்டியில அப்படி என்ன இருக்கு? தங்கமா?"

"பஸ்."

"என்னது?"

திறந்து காட்டினான். பிரகதி குனிந்து பார்த்தாள். முழத்துக்குச் சற்றுக் குறைவான ஒரு பஸ். கறம்பக்குடி ரோட்டில் தினமும் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற தனியார் பஸ்ஸை யாரோ மந்திரம் போட்டுச் சுருக்கியது போல... ஜன்னல் கம்பி, டிரைவர் சீட்டுக்கு மேல் சின்ன மின்விசிறி, பின்னால் ஏணி, கூரையில் கேரியர்... எல்லாம் இருந்தது.

"அடேயப்பா... நீங்களா செஞ்சீங்க?"

"ஆமா. கறம்பக்குடில ஈ.பி. ஆபீஸ்ல அசிஸ்டென்ட் இன்ஜினியரா இருக்கேன். சொந்த ஊரு மணமேல்குடி. ரூமுக்குப் போனா வேற வேலை இல்ல, இதுதான். இங்கிட்டு ஸ்டுடியோல போட்டோ எடுக்கக் கொண்டாந்தேன்." அவன் குரலில் பெருமை வழிந்தது. "எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு... ஆனா..."

"ஆனா?"

"ஒண்ணுமில்ல, விடுங்க."

"சொல்லுங்க, பரவால்ல."

"பம்பர் எவர்சில்வர்தானே? எவர்சில்வர் மாதிரி இல்ல. சாம்பலைக் கரைச்சு அப்புன மாதிரி இருக்கு."

எழிலரசனின் முகம் சட்டென்று இறங்கியது. "வெளிநாட்டுல இருந்து வரவழைச்ச பெயிண்ட்டுங்க இது."

"இருக்கட்டும். இதைப் பாருங்க." ஒரு டம்ளரை எடுத்து அவன் முன்னால் பிடித்தாள். "ஒங்க மொகம் தெரியுதா? மூக்குகூடத் தெரியும்." பிறகு ஓர் அலுமினியக் குண்டானை எடுத்தாள். "இதுல? வெளிச்சம் தெரியுது, மொகம் தெரியல. நீங்க பம்பருக்கும் சைடு தகட்டுக்கும் ஒரே பெயிண்டை அடிச்சிருக்கீங்க. நெசத்துல அது வேற, இது வேற."

கடையில் பல வருடமாக வேலை பார்க்கும் செவந்தி அக்கா, சம்படங்களைப் பொறுக்கிக்கொண்டே, "இவ இப்படித்தான் தம்பி... மாப்பிள்ளை பார்க்க வந்தாக்கூட அவங்க கொண்டார தட்டைத்தான் தட்டிப் பார்ப்பா" என்றாள்.

மழை இன்னும் விடவில்லை. ஆனாலும் அவன் பெட்டியை மூடிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். இந்த முறை நேராகவே.

'அடச்சே... கொஞ்சம் இதமாகச் சொல்லியிருக்கலாமோ?' அன்று முழுதும் பிரகதிக்கு ஒரு மாதிரியாகவே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவன் மறுபடி வந்து நின்றான். கையில் ஒரு கட்டு பிளாஸ்டிக் கரண்டிகள். ஐஸ்கிரீமுக்குக் கொடுப்பார்களே, அந்தக் கரண்டிகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக வெள்ளி பூசியிருந்தது.

"நீங்க சொன்னது சரிதாங்க. ரூம்ல போய் டம்ளரையும் பஸ்ஸையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். எனக்கே வெக்கமாப் போச்சு." தலையைச் சொறிந்தான். "இதுல எது எவர்சில்வர் மாதிரி இருக்குன்னு பார்த்துச் சொல்றீங்களா? எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது. பெயிண்டையே பார்த்துப் பார்த்துக் கண்ணு மரத்துப்போச்சு."

பிரகதி எம்.காம். படித்தவள். வங்கி வேலைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அப்பாவின் கடையில் உட்கார்ந்தவள், அப்படியே கடை பிடித்துப்போய் உட்கார்ந்துவிட்டாள். பாத்திரத்தைத் தொட்டே பார்க்காமல் கனமா லேசா என்று சொல்லுவாள். அந்தக் கண்ணை வைத்து யாராவது உதவி கேட்பார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை.

"இங்கிட்டு வைங்க. வெளிச்சத்துல."

அப்படித்தான் சனிக்கிழமைகள் தொடங்கின.

எல்லாவற்றுக்கும் அடியில் கறுப்பு வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பளபளக்கும் கறுப்பை முதலில் பூசி, அதன் மேல் வெள்ளியைப் புகை படர்வது போல மெல்லியதாகத் தெளித்தால்தான் வெள்ளிக்கு ஆழம் வரும் என்றான். ஆனால் அவனுடைய கறுப்பு பளபளக்கவே இல்லை.

"கறுப்புலயே மொகம் தெரியணும்ல? அதுவே சொரசொரன்னு இருந்தா மேல அடிக்கிறது எப்படிப் பளபளக்கும்?" என்றாள் அவள்.

அடுத்த வாரம் கறுப்பு கண்ணாடி மாதிரி வந்தது. வெள்ளிதான் கெட்டுப்போயிருந்தது, பால் ஆடை படிந்தது போல.

"எப்ப அடிச்சீங்க?"

"வியாழக்கிழமை. மழை பெஞ்சுதே, அன்னைக்கு."

"ஈரக் காத்துல அடிச்சீங்களா? மழை பேயுற அன்னைக்குத் தேச்ச பாத்திரம்கூட மங்கலாத்தான் காயும். வெயில் வர்ற வரைக்கும் பொறுக்க மாட்டீங்களா?"

"அவசரங்க..."

"என்ன அவசரம்?"

'சனிக்கிழமைக்குள்ள ஒங்ககிட்ட காட்டணுமே...' என்று வாய் வரை வந்தது. ஆனால் சும்மா சிரித்தான். அவள் குனிந்து கரண்டிகளைத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கனவே துடைத்த கரண்டிகள்தான்...

இன்னொரு முறை எல்லாம் அருமையாக வந்தது. பாதுகாப்புக்கு என்று மேலே வார்னிஷ் பூசினான். போச்சு... பளபளப்பு அப்படியே செத்துப்போனது. அவன் முகம் வாடியதைப் பார்த்து, "வார்னிஷ் வேணாமே. கையில தொடாம வச்சுக்கிட்டாப் போதாதா?" என்றாள். அதன் பிறகு அவன் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டுதான் தன் பஸ்ஸையே தொட்டான்.

மார்கழி பிறந்து வானம் வெளுத்தபோது ஒரு கரண்டி வந்தது. அவள் அதை வாங்கி, ஒன்றும் பேசாமல் கடையின் எவர்சில்வர் கரண்டிகளுக்கு நடுவில் வைத்தாள்.

அப்பா ஆண்டியப்பன் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்தார். ஒரு வாடிக்கையாளருக்குக் கரண்டி எடுத்துக் கொடுக்கக் கையை விட்டார். எடுத்தார். அவருடைய கை 'வெடுக்'கென்று மேலே போனது. கனம் இருக்கும் என்று நினைத்துத் தூக்கிய கைக்குக் கனமே கிடைக்கவில்லை.

"என்னம்மா இது... காத்து மாதிரி இருக்கு?"

பிரகதியும் எழிலரசனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள்தான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு... நாற்பது வருடம் பாத்திரம் விற்ற கையே ஏமாந்துவிட்டதே! எழிலரசன் சிரிக்க மறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு பஸ் வேகமாக உருமாறியது. பம்பரில் முகம் தெரிந்தது. பக்கத் தகடுகளில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு சின்ன நிற வேற்றுமை. ஏறும் படியின் நடுவில் பென்சில் தூளைத் தேய்த்து, கால் பட்டுப் பட்டுத் தேய்ந்த இரும்பாக மாற்றினார்கள்.

"கூரை கேரியர் காலியா இருக்கே..." என்றாள் ஒருநாள்.

"மூட்டை செஞ்சு வைக்கலாம்னு இருக்கேன்."

"மூட்டையா? தை மாசம் வரப்போகுது. சீர் சாமான் போகட்டும். நான் செய்யுறேன்."

அவளே செய்தாள். மரமணிகளின் மேல் புட்டி என்கிற பசைமாவை வைத்துக் கழுத்து இழுத்து, விரல் நுனி அளவுக்குப் பித்தளைக் குடங்கள், ஓர் அண்டா, ஒரு தவலை. தங்கப் பெயிண்டை மட்டும் அடித்தபோது அவை பொம்மைக் கடைச் சாமான் போலத்தான் இருந்தன. அவள் யோசித்தாள். வீட்டில் புளி போட்டுத் தேய்க்கிற குடம் எப்படி இருக்கும்? வயிற்றுப் பகுதி பளபளக்கும். விரல் நுழையாத கழுத்து மடிப்பில் கறுத்துக் கிடக்கும். பழுப்பு மையை நீர்த்துக் கழுத்தில் மட்டும் இறக்கினாள். வயிற்றைத் துணியால் தேய்த்துத் துலக்கினாள்.

எழிலரசன் அந்தக் குடத்தை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னங்க, நல்லா இல்லையா?"

"பிரகதி... இது எனக்கு வராது." முதல் முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அதை இருவருமே கவனித்தார்கள். இருவருமே கவனிக்காதது போல இருந்துகொண்டார்கள்.

தை மாதம் திருச்சியில் இப்படிச் சின்ன மாடல்கள் செய்கிறவர்களின் சந்திப்பு நடந்தது. எழிலரசன் பஸ்ஸோடு போனான். உலோகப் பூச்சில் சிறந்தது என்று அவனுடைய பஸ்ஸுக்குத்தான் பரிசு. யாரோ ஒருவர் அவனைப் பேட்டி எடுத்து யூடியூபில் போட்டார்.

கடையில் செவந்தி அக்காதான் அதைப் போனில் ஓடவிட்டாள். அப்பாவும் எட்டிப் பார்த்தார். பிரகதி கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டாள்.

"இந்தப் பித்தளைக் குடம் நெஜப் பித்தளையா சார்?" என்று பேட்டி எடுத்தவர் வியந்தார்.

திரையில் எழிலரசன் சிரித்தான். "இல்ல, பெயிண்ட்தான்."

"யாருகிட்ட சார் கத்துக்கிட்டீங்க?"

ஒரு கணம் தயங்கினான். "யாரும் இல்லைங்க... தனியா உட்கார்ந்து பழகினதுதான்."

செவந்தி அக்கா போனை அணைத்தாள். பிரகதி திரும்பிப் போய்க் கல்லாவில் உட்கார்ந்தாள். 'யாரும் இல்லையாமே...'

சனிக்கிழமை அவன் இனிப்புப் பெட்டியோடு ஓடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க சார். என்ன பாத்திரம் வேணும்?" என்றாள் அவள்.

"பிரகதி?"

"இட்லிப் பானையா, குக்கரா? சொன்னீங்கன்னா எடுத்துக் காட்டச் சொல்றேன்."

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் வெளிறியது. "பேட்டியப் பார்த்தீங்களா? அது... நான் வேணும்னு பண்ணலைங்க. கடையில உட்கார்ந்திருக்கிற பொண்ணு... நான் ஒங்க பேரைச் சொல்லி, நாலு பேரு நாலு விதமாப் பேசி, அப்பா காதுக்குப் போயி... ஒங்களுக்குக் கெட்ட பேரு வந்துடக் கூடாதேன்னுதான்..."

"என் பேருக்கு என்ன ஆகும்னு என்கிட்ட கேட்டீங்களா?"

அவன் இனிப்புப் பெட்டியைக் கல்லா மேல் வைத்தான்.

"அந்தக் குடத்தை நான் செஞ்சேன். அதை யாரும் செய்யலைன்னு சொல்லிட்டீங்க. கெட்ட பேரு வந்திருந்தாக்கூட அது என் பேரா இருந்திருக்கும்." அவள் இனிப்புப் பெட்டியை அவன் பக்கமே தள்ளினாள். "வேற எதுவும் வேணாம்னா நகர்ந்துக்கங்க சார். பின்னாடி ஆளு நிக்குது."

பின்னால் யாருமே இல்லை.

அதன் பிறகு அவன் வரவில்லை. வெட்கமா வீம்பா என்று அவனுக்கே தெரியவில்லை. கறம்பக்குடியில் அறையைத் திறந்தால் பெயிண்ட் தெளிக்கிற ஏர்பிரஷ் தூசி பிடித்துக் கிடந்தது. இங்கே பிரகதி சனிக்கிழமை வந்தால் தெருவைப் பார்க்கக் கூடாது என்று வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். செவந்தி அக்கா கேலி செய்து பார்த்தாள். பிரகதி கணக்கு நோட்டைப் புரட்ட ஆரம்பித்ததும் அவளும் அடங்கிவிட்டாள்.

மாசியில் ஒருநாள். சனிக்கிழமை இல்லை, புதன்கிழமை. லீவு போட்டுவிட்டு வந்திருந்தான் போல. நேராக ஆண்டியப்பன் முன்னால் போய் நின்றான்.

"சார், அந்தப் பஸ்ஸுல பாதி ஒங்க பொண்ணு செஞ்சது. குடமெல்லாம் முழுசும் அவங்கதான். அதை நான் சொல்லாம விட்டது தப்பு. ஒங்க முன்னாடியே சொல்லணும்னு வந்தேன்."

ஆண்டியப்பன் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவனைப் பார்த்தார். "எனக்குத் தெரியும் தம்பி. கொடத்துக் கழுத்துல எங்கிட்டு அழுக்குத் தங்கும்னு கரண்டு ஆபீஸ்ல சொல்லிக்குடுக்க மாட்டாங்க."

எழிலரசன் பிரகதியின் பக்கம் திரும்பினான். "திருச்சில திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. மேடையிலயே செஞ்சு காட்டணுமாம். போன்லயே சொல்லிட்டேன், நான் தனியாச் செய்யல, கூட ஒருத்தங்க இருந்தாங்கன்னு. பேரு கேட்டாங்க. கேட்டுட்டுச் சொல்றேன்னேன்." மூச்சை இழுத்துக்கொண்டான். "ஒங்க பேரைச் சொல்லட்டுமா?"

அவள் ஒரு டபராவை எடுத்துத் துடைத்தாள். கீழே வைத்தாள். அவன் இளைத்திருந்தான்... ஷேவ்கூடச் சரியாகச் செய்யவில்லை...

"பேரை மட்டும்தான் கூட்டிட்டுப் போவீங்களா?"

எழிலரசனுக்குக் காது கேட்டது, நம்பத்தான் முடியவில்லை. "நீங்க... வாரீங்களா?"

"கொடத்தை எப்படிச் செஞ்சேன்னு நான்தானே சொல்லணும்? ஒங்களுக்குத்தான் தெரியாதே!"

"நானும் வாரேன்," என்றார் ஆண்டியப்பன். "என் கையை ஏமாத்துன கரண்டி எப்படி வந்துச்சுன்னு நானும் பார்க்கணும்."

திருச்சி மண்டபத்தில் கூட்டம் நிறைய இருந்தது. பிரகதி ஒரு மரமணிக் குடத்தை எடுத்துக் கறுப்புப் பூசினாள். புளி போட்டுத் தேய்க்கிற கதையைச் சொன்னபோது கூட்டம் சிரித்தது. அவள் நிமிர்ந்து நின்று, விரலைக் குடத்துக் கழுத்தில் வைத்து, "இங்க விரல் போகாது... அதனால இங்க கறுப்பு இருக்கணும்" என்றபோது, பக்கத்தில் பெயிண்ட் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற எழிலரசனுக்கு நெஞ்சு நிரம்பிவிட்டது.

கடைசியில் ஒருவர் எழுந்து, "சார், மேடம் ஒங்களுக்கு யாரு?" என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனாலும் மண்டபமே இருவரையும் திரும்பிப் பார்த்தது. எழிலரசன் மைக்கை எடுத்தான். வாய் வரை கொண்டு போனான். பிறகு அதை அவளிடம் நீட்டினான்.

"அதை அவங்கதாங்க சொல்லணும்."

பிரகதியின் காது மடல் சிவந்துவிட்டது. "எங்க கடைக்கு வர்றவரு," என்றாள். ஒரு நொடி விட்டு, "மத்தபடி... அவரு இன்னும் எதுவும் கேக்கல" என்று முடித்தாள்.

மண்டபமே கைதட்டிச் சிரித்தது.

திரும்பும் பஸ்ஸில் ஆண்டியப்பன் முன் சீட்டில் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். பின் சீட்டில் அவர்கள் இருவரும். அவன் ஜன்னல் கம்பியைப் பார்த்தான். அவள் தன் நகத்தில் ஒட்டிய பெயிண்டைச் சுரண்டினாள். கீரனூர் தாண்டியது. சாயங்கால வெளிச்சத்தில் நார்த்தாமலைக் குன்றுகள் மெல்லத் திரும்பி வந்தன.

"கேக்கலாமா?" என்றான்.

"என்ன?"

"இன்னும் கேக்கலைன்னு சொன்னீங்களே... அது."

"கேட்டாத்தானே தெரியும்..."

"எனக்கு ஒங்களைப் புடிச்சிருக்கு பிரகதி." சொல்லிவிட்டான். சொன்ன பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. "பெயிண்டுக்காக இல்ல. பஸ்ஸு முடிஞ்சுபோச்சு, ஆனா எனக்குச் சனிக்கிழமை முடியல. கரண்டு லைன்ல நின்னு வேலை பார்க்கும்போதுகூட நீங்க திட்டுறதுதான் காதுல கேக்குது. அன்னைக்கு ஒங்களைக் கேக்காம நானா முடிவு பண்ணிட்டேன். இனிமே எதையும் கேட்டுத்தான் செய்வேன். அதனால இதையும் கேக்குறேன்... நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்தாள். முன் சீட்டில், கீரனூரிலிருந்து புரட்டாத அதே பக்கத்தை அப்பா இன்னும் படித்துக்கொண்டிருந்தார்.

"பதிலைச் சொல்லும்மா," என்றார் திரும்பாமலே. "தம்பி மூச்சைப் புடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு, பாவம்."

"அப்பா...!" வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒங்களுக்குச் சம்மதமா?"

"என்னை யாரு கேட்டா? ஒன்னையத்தானே கேட்டாரு."

பிரகதி சிரித்துவிட்டாள். பிறகு எழிலரசனைப் பார்த்தாள். நேராக, கண்ணை எடுக்காமல்...

"எனக்கும் ஒங்களைப் புடிச்சிருக்கு. ரொம்ப. நீங்க வராத நாளெல்லாம் நான் கடையில ஒருத்தர்கிட்டயும் சரியாப் பேசல, செவந்தி அக்காவைக் கேட்டுப் பாருங்க... ஒங்க அம்மாவைக் கூட்டிட்டு வாங்க எழில். பண்ணிக்கலாம்."